மதிலின் இருபுறத்திலிருந்தும் ஒரு நன்றி மடல்

எங்கள் குடியிருப்போர் நலச்சங்கப் பொறுப்பாளர்களுக்கும், எங்களுக்காக அமர்ந்து பேசிய மூன்று பெரியவர்களுக்கும், தெருவாசிகள் அனைவருக்கும் வணக்கம்.

மடிப்பாக்கத்தில் ஒரே மதிலுக்கு இருபுறமும் குடியிருக்கும் நாங்கள், ஒருபுறம் பழைய தனி வீட்டுக் குடும்பத்தாரும் மறுபுறம் புதிய அடுக்ககத்தின் நான்கு குடும்பத்தாருமாகச் சேர்ந்து இம்மடலை எழுதுகிறோம். நாங்கள் சண்டையிட்டதைத் தெரு முழுவதும் கேட்டது. அது தீர்ந்த விதமும் தெருவுக்குத் தெரியட்டும் என்றே பொதுவில் நன்றி சொல்கிறோம்.

சண்டை மழைநீரைப் பற்றியது. அடுக்ககம் கட்டியபோது மனையை மண் கொட்டி உயர்த்தினார்கள். அதன் பிறகு, நல்ல மழை பெய்தால் பழைய வீட்டின் கூடத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் ஏறாத வீடு ஏது என்பது அடுக்ககத்தார் கேள்வி. புயலை விடுங்கள், ஐப்பசியின் சாதாரண அடைமழைக்கே ஏறுகிறதே என்பது பழைய வீட்டார் கேள்வி. பேச்சு முற்றி, மதிலின் அடியில் இருந்த நீர்ப்போக்கி ஓட்டைகளை ஒரு தரப்பு சிமெண்ட் வைத்து அடைக்க, மறு தரப்பு காவல் நிலையத்தில் புகார் கொடுக்க, பிள்ளைகள்கூடப் பேசிக்கொள்ளாத நிலை வந்தது.

முதல் நன்றி, வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்த வழக்கறிஞர் ஐயாவுக்கு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி நீதிமன்றமே தரப்பினரைச் சமரசத்துக்கு அனுப்ப இடமுண்டு என்பதையும், அதற்கென்றே சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 ஏப்ரல் முதல் ஒரு சமரசத் தீர்வு மையம் இயங்கி வருவதையும் எடுத்துச் சொல்லி, வழக்குத் தொடுத்துச் செலவழித்த பின் அங்கே போய்ப் பேசப்போவதை இப்போதே தெருவில் உட்கார்ந்து பேசக் கூடாதா என்று கேட்டார். வரவேண்டிய கட்டணத்தை வேண்டாம் என்று சொல்ல எல்லோருக்கும் மனம் வராது. அக்கம்பக்கத்தாரின் அமைதியைக் குலைக்கக்கூடிய சச்சரவுகளைச் சமூக அளவில் மூவர் கொண்ட குழு பேசித் தீர்ப்பதற்கு 2023ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டத்தில் தனி அத்தியாயமே இருப்பதையும் அவர்தான் காட்டினார். எங்களுக்கு நடந்தது அச்சட்டத்தின் கீழான முறைப்படியான மத்தியஸ்தம் அன்று. ஆனால் இரு தரப்பின் முன்சம்மதம் வேண்டும், மூவர் வேண்டும், அவர்களில் பெண் ஒருவராவது இருக்க வேண்டும் என்ற ஒழுங்கை நலச்சங்கம் அதைப் பார்த்தே வகுத்துக்கொண்டது.

பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா, தலைமையாசிரியையாக இருந்த அம்மா, மளிகைக் கடை அண்ணாச்சி ஆகிய மூவரும் ஒப்புக்கொண்டார்கள். (இரு வீட்டுக்கும் கடன் கணக்கு வைத்திருப்பவர் என்பதால் அண்ணாச்சியின் நடுநிலையை யாரும் சந்தேகிக்கவில்லை.) முதல் நாளே அம்மா இரண்டு விதிகளைச் சொன்னார். ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது. இந்த அறையில் பேசியது தெருவுக்குப் போகக் கூடாது. பிறகு ஒவ்வொரு தரப்பையும் தனியே அழைத்து, எதிர்த் தரப்பின் முன் சொல்லத் தயங்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்கள். தவறு யாருடையது என்று கடைசி வரை அவர்கள் கேட்கவேயில்லை. தொடக்கத்தில் இது எங்கள் இரு தரப்புக்குமே எரிச்சலாகத்தான் இருந்தது.

திருப்பம் பேச்சில் வரவில்லை, அளவில் வந்தது. பொறியாளர் ஐயா ஒரு மேஸ்திரியை வரவழைத்து, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலை இரண்டு வாசல்களுக்கும் சாலைக்கும் இடையே பிடிக்கச் சொன்னார். மேலே மேலே தார் போட்டு உயர்ந்த சாலை, பழைய வீட்டு வாசலைவிட ஒரு முழம் மேலே இருந்தது. ஆக, தண்ணீரில் பெரும்பகுதி மதிலைத் தாண்டி வரவில்லை, வாசல் வழியாகவே வந்திருக்கிறது. அதே வேளையில் அடுக்ககத்தின் மொட்டைமாடிக் குழாய்கள் மதிலோரம் கொட்டியதும் உண்மை. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக இருந்தும், அடுக்ககத்தின் சேகரிப்புக் குழியின் மூடியைத் திறந்தபோது உள்ளே செங்கல் துண்டுகளும் இறுகிய சிமெண்டும்தான் கிடந்தன. கட்டியவர் விட்டுப்போன குப்பை அது. குடிவந்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது. வெயிலில் மண்டியிட்டு அளந்த மேஸ்திரிக்கும், குழியைத் தூர்வாரிய தொழிலாளர்களுக்கும் எங்கள் தனி நன்றி.

உடன்பாடு இரண்டே பக்கம். அடுக்ககத்தார் குழியைச் சீர்செய்து மாடிக் குழாய்களை அதற்குள் திருப்பினார்கள். பழைய வீட்டார் வாசலில் தடுப்புப் படி கட்டினார்கள். அதன் செலவில் பாதியை அடுக்ககத்தார் ஏற்றார்கள். காவல் நிலையப் புகார் திரும்பப் பெறப்பட்டது. ஆண்டுதோறும் புரட்டாசி முடிவதற்குள் குழியை இரு தரப்பும் சேர்ந்து திறந்து பார்க்க வேண்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலரான தங்கை ஒருவர் இதைப் படித்துப் பார்த்து, இப்படித் தெருவில் எழுதிக்கொள்ளும் உடன்பாட்டுக்கு நீதிமன்றத் தீர்ப்பாணையின் வலு கிடையாது என்றும், அந்த வலு வேண்டுமானால் வழக்குக்கு முந்தைய நிலையிலேயே மக்கள் நீதிமன்றத்தை அணுகலாம், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி அதன் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகர் என்றும் ஒளிக்காமல் சொன்னார். அதைக் கேட்ட பின்பும் நாங்கள் இதிலேயே கையெழுத்திட்டோம். மீறினால் அண்ணாச்சியின் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கும் என்ற எண்ணமே எங்களுக்குப் போதுமான கட்டாயமாகப் பட்டது.

சாலை உயரம் இன்னும் தீராத சிக்கல்தான். அதற்கான மனுவில் இப்போது இரு வீட்டாரும் சேர்ந்தே கையொப்பமிட்டிருக்கிறோம். உடன்பாட்டின் நகல் ஒன்று நலச்சங்க அலுவலகத்தில் உள்ளது. இதே போன்ற சிக்கல் உள்ளவர்கள் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அறைக்குள் பேசியதை மட்டும் எங்களிடம் கேட்க வேண்டாம்.

நன்றியுடன்,
பழைய வீட்டுக் குடும்பத்தாரும் அடுக்ககத்தின் நான்கு குடும்பத்தாரும்
மடிப்பாக்கம், சென்னை