சந்தக்பூ போகிறவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, மேற்கு வங்க-நேபாள எல்லையில் இருக்கும் இமயமலைச் சிகரமான சந்தக்பூவிலிருந்து ஃபாலுட் சிகரம் வரை மலைமுகட்டிலேயே 21 கி.மீ. நடை; ராத்திரி அங்குள்ள குடிலில் தங்கல். உயரம் சுமார் 3,600 மீட்டர். மண்டபம், பாம்பன் என்று கடல்மட்டத்திலேயே வளர்ந்த நமக்கு மூச்சு வாங்கும். தலைவலி, குமட்டல் வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வீம்புக்கு ஏற வேண்டாம்; கீழே இறங்குவதுதான் மருந்து.

பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் அங்கே லேசில் காயாது, உடம்பு விறைத்துவிடும். கம்பளி எடுங்கள். குளிரில் போன் சார்ஜ் சட்டென இறங்கும். தூங்கும் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். டார்ச் கட்டாயம். அப்புறம், கருவாடு கட்டிவர நினைப்பவர்களே, எல்லாரும் ஒரே அறையில்தான் படுக்க வேண்டும்! ஊறுகாய் போதும்.

ஞாயிறு காலை 6 மணிக்கு முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை, முதுகில் 8 கிலோவோடு மணலில் ஒத்திகை நடை. புது ஷூ வாங்கியவர்கள் அதையே போட்டு வாருங்கள்.