பழைய லெட்ஜரை ஆக்கர் கடைக்கு அனுப்பாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர்களின் சொத்து பற்றி போன ஞாயிற்றுக்கிழமை வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 31 வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். கடைசி 12 வருஷம் நம் மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், காசாளர் கவுண்டரில். கட்டுரையில் வராத ஒரு விஷயத்தை எழுதத் தோன்றியது. அது அவர்கள் பணம் போட்ட வங்கிகளின் கணக்கு ஏடுகள்.

1933 ஆகஸ்டில் நாஜி அரசும் யூத அமைப்புகளும் செய்துகொண்ட ஹாவரா ஒப்பந்தம் வந்தது. பாலஸ்தீனத்துக்குப் போக நினைத்த குடும்பம் ஹாம்பர்கில் வார்பர்க் வங்கியிலோ பெர்லினில் வாசர்மான் வங்கியிலோ மார்க்கைக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் ஜெர்மன் சரக்கு வாங்கிக் கப்பலேற்றுவார்கள். அங்கே அது விற்றுவரும் பவுண்டில் குடும்பத்துக்குப் பங்கு கிடைக்கும். வேறு நாட்டுக்குப் போனவர்கள் பாடு இன்னும் மோசம். நாட்டை விட்டுப் போவதற்கான வரியிலேயே சொத்தில் கால் பங்கு போய்விடும். மிச்சப் பணம் முடக்கப்பட்ட கணக்கில் கிடக்கும். 1939 வாக்கில் அதை வெளிநாட்டுப் பணமாக மாற்றினால் நூற்றுக்கு நாலுதான் கையில் நின்றது. வார்பர்க் வங்கியே 1938-ல் வார்பர்க் என்ற யூதக் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. இதற்கெல்லாம் பற்றுச்சீட்டு உண்டு, பதிவு உண்டு. போர் முடிந்து சொத்தைத் திருப்பிக் கேட்டபோது, சொந்த வீட்டுக் காகிதத்தைக்கூடக் கொண்டுவர முடியாமல் ஓடிப்போனவர்களுக்கு அந்தப் பதிவுகள்தான் சாட்சி.

ஸ்விட்சர்லாந்தில் நடந்ததைப் படித்தால் வங்கிக்காரனுக்கு வலிக்கும். அங்குள்ள வங்கியில் பணம் போட்ட யூதர் நாஜி முகாமில் கொல்லப்பட்டிருப்பார். வாரிசு வந்து கேட்டால் மரணச் சான்றிதழ் கேட்டார்கள். ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? 1997 ஜனவரியில் சூரிச்சில் ஒரு பெரிய வங்கியின் இரவுக் காவலாளி கிறிஸ்டோஃப் மைலி, அழிப்பதற்காக ஒதுக்கி வைத்திருந்த பழைய ஏடுகளைப் பார்த்துவிட்டு, சிலவற்றை எடுத்து யூத அமைப்பு ஒன்றிடம் ஒப்படைத்தார். வேலை போயிற்று. நாட்டையும் விட்டுப் போக வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் ஸ்விஸ் வங்கிகள் 125 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. அமெரிக்க மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் பால் வோல்கர் தலைமையிலான குழு அந்த வங்கிகளில் தேடியபோது, 1933 முதல் 1945 வரை இருந்த சுமார் 68 லட்சம் கணக்குகளில் சுமார் 41 லட்சத்துக்குத்தான் ஏதாவது பதிவு மிஞ்சியிருந்தது. மற்ற 27 லட்சம் கணக்குகள் யாருடையவை என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அந்தக் கொடுமையையும் நம் ஊர்த் துயரத்தையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் மரணச் சான்றிதழ் என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்கு ஒக்கி புயல்தான் ஞாபகம் வந்தது. 2017 நவம்பரில் கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு பெண் பாஸ்புக்கோடு வந்தார். பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. கடைசிப் பதிவு, டீசல் செலவுக்கு எடுத்த நாலாயிரம் ரூபாய். நாமினி பெயர் இல்லை. “சான்றிதழ் கொண்டு வாங்கம்மா” என்றேன். “சாரே, ஆளு கடல்ல கெடக்கு. யாரு எழுதித் தருவா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் அரசு பிறகு 20 லட்சம் ரூபாய் கொடுத்தது, அது நல்ல காரியம். ஆனாலும் அன்று அவர் பாஸ்புக்கைத் திரும்ப அதே கவரில் சுற்றியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அப்புறம், நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் கிளையை வேறு கட்டடத்துக்கு மாற்றினோம். கம்ப்யூட்டருக்கு முந்தைய லெட்ஜர்களை ஆக்கர் கடைக்காரர் கிலோ கணக்கில் நிறுத்து எடுத்துப் போனார். தடித்த காலிகோ அட்டை, மூலையில் கரையான். ஒன்றைத் திறந்தேன். 1970-களின் சேமிப்புக் கணக்கு. பெயருக்குப் பக்கத்தில் “கணவர் சிங்கப்பூர்” என்று பென்சிலில் எழுதியிருந்தது. கையெழுத்து அட்டைகளில் பாதிக்கு மேல் கைநாட்டு. விதி மீறல் எதுவும் இல்லை. வங்கிகளுக்கான 1985 விதிகளின்படி சில ஏடுகளை ஐந்து வருஷமும் சிலவற்றை எட்டு வருஷமும் வைத்திருந்தால் போதும். ஆனால் பத்து வருஷம் யாரும் கேட்காத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகிறது. அதை வாரிசு எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். எதைக் காட்டிக் கேட்பார்? 2023-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த உத்கம் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம், சரி. நம் பக்கத்தில் ஒரே ஆளை மரியதாசன், மரியதாஸ் என்று இரண்டு விதமாக எழுதுவார்களே. கணினியில் ஏறாத ஊர்ப் பெயர், வீட்டுப் பெயர், தகப்பன் பெயர் எல்லாம் அந்தப் பழைய ஏட்டில்தான் இருக்கின்றன.

மாவட்டத்து வங்கிக் கிளைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் கணினிக்கு முந்தைய லெட்ஜர்களையும் கையெழுத்து அட்டைகளையும் எடைக்குப் போடும் முன் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். வாடிக்கையாளர் ரகசியம் என்றால் பூட்டி வைக்கட்டும். ஆட்சியர் ஒரு கூட்டம் போட்டால் போதும். ஏடுகளைப் பிரித்து அடுக்க ஆள் வேண்டுமென்றால் ஓய்வு பெற்ற எங்களில் ஏழெட்டுப் பேர் கூலி இல்லாமல் வரத் தயார். நான் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கிக் காசாளர்,
நித்திரவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.