மருதானை போட்டோகொப்பிக் கடை நானாவுக்கு

நேற்றுப் பின்னேரம், இலங்கையில் வெளிவாரிக் கல்வியும் தொலைக்கல்வியும் வந்த கதை பற்றிய என் ஆய்வைக் கையளித்துவிட்டேன். இன்னும் கை நடுங்குகிறது. கொழும்புக்குப் பக்கத்தில் வெல்லம்பிட்டியில் அந்த வாரம் வெள்ளம் வந்து என் ஆய்வுத் தாள்களெல்லாம் நனைந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதைத் திரும்ப விரிவாக எழுதவில்லை.

நனைந்த தாள் மூட்டையோடு நான் போய் நின்றது மருதானையில் வழக்கமாகப் பிரதி எடுக்கும் கடையில். புதுத்தாள் வாங்கத்தான் போனேன். நானா மூட்டையைப் பார்த்துவிட்டு, "வெயில்ல போடாதீங்க தங்கச்சி, சுருண்டு ஒட்டிப்போகும். ஈரத்தோடயே பிரிக்கணும்" என்றார். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பழைய பேப்பரை விரித்து, ஃபேனைப் போட்டு, ஒவ்வொரு தாளாக மூலையில் நகத்தால் கிளப்பினார். போட்டோகொப்பி எழுத்து அப்படியே இருந்தது. நான் பேனாவால் எழுதிய குறிப்புகள்தான் நீலமாகக் கரைந்திருந்தன. இரவு பதினொரு மணி வரை இருந்தார். காசு வாங்கவில்லை.

பிரித்துக்கொண்டே, "இதுல என்ன இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். கொழும்பில் 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது பிள்ளைகள் எழுதியது லண்டனின் வெளிவாரிப் பரீட்சையை. நமக்கென்று ஒரு பல்கலைக்கழகம் 1942இல்தான் வந்தது. அப்புறம் எழுபதுகளில் வெளிவாரி மாணவர்களுக்கு ஒரு முகவரகமும், தபாலில் பாடம் அனுப்ப ஒரு தொலைக்கல்வி நிறுவகமும் வந்தன. அவை இரண்டையும் சேர்த்துத்தான் 1980இல் திறந்த பல்கலைக்கழகம் உருவானது.

நானா கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்க ராத்தாவுக்கும் தபால்ல பாடம் வந்திச்சு. பியோன் பெல் அடிச்சா அடுப்பை விட்டுட்டு ஓடுவா" என்றார், தன் அக்காவை நினைத்து.

இரண்டு வருடம் தேடிய ஆவணங்களில் ஆண்டுகளும் சட்ட இலக்கங்களும் கிடைத்தன. அடுப்பை விட்டு ஓடிய ஒரு பெண் எங்கேயும் கிடைக்கவில்லை. நானாவிடம் கேட்டுக்கொண்டு முன்னுரையில் அதை எழுதியிருக்கிறேன்.

கணினி தந்த மச்சாள், சோற்றுப் பார்சலோடு வந்த பக்கத்து வீட்டு அக்கா, தவணை நீட்டித் தந்த மேற்பார்வையாளர், குறிப்புகளைத் திரும்பத் தட்டச்சுச் செய்து தந்த நண்பர்கள், உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன்.

இனி என்னிடமுள்ள தாள்களை யார் கேட்டாலும் பிரதி எடுத்துத் தருவேன். ஆய்வைப் புத்தகமாகக் கட்டும்போது மருதானையில்தான் கட்டுவேன். அன்றைக்குக் காசு வாங்கத்தான் வேண்டும், நானா. முதல் பிரதி ராத்தாவுக்கு.