மிளகும் மஞ்சளும் சரி, தூக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலச் சளி, காய்ச்சல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நோய் எதிர்ப்புச் சக்திக்கு நெல்லிக்காய், மிளகு, மஞ்சள் என்று எல்லாம் சொல்லியிருந்தார்கள். தூக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். காலை ஆறு மணிக்குச் சிறப்பு வகுப்பு. நாலே முக்காலுக்கு எழுப்புகிறேன். பின்னல் போடும்போதே உட்கார்ந்தபடி தூங்கிவிடுவாள். சரியும் தலையை என் முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டுதான் ரிப்பன் கட்டுகிறேன். இரவு படித்து முடித்துப் படுக்கப் பதினொன்றரை ஆகிவிடும். ஜூனிலிருந்து மாதம் தவறாமல் சளி. கற்பூரவல்லிக் கஷாயம், ஆவி, மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. நாலாவது முறை போனபோது டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பாப்பா எத்தனை மணி நேரம்மா தூங்குது?" என்று கேட்டார். ஐந்து மணி நேரம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 164 பேர் எவ்வளவு தூங்குகிறார்கள் என்று ஒரு வாரம் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்திருக்கிறார்கள். பிறகு அத்தனை பேர் மூக்கிலும் சளி வைரஸைச் சொட்டு விட்டிருக்கிறார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நாலு மடங்குக்கும் அதிகம். எல்லார் மூக்கிலும் போனது அதே கிருமிதான்! தூங்கும்போது அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் தணிகின்றன. அப்போதுதான் நம் ரத்தத்தில் உள்ள, நோயை எதிர்த்துப் போராடும் டி அணுக்கள், கிருமி புகுந்த அணுக்களை நன்றாகப் பற்றிக்கொள்ள முடிகிறதாம். தடுப்பூசிக்கும் தூக்கம் வேண்டும். சிகாகோவில் சில நாட்கள் இரவில் நாலு மணி நேரமே தூங்கவிட்ட இளைஞர்களுக்கு ஃப்ளூ ஊசி போட்டார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால், நன்றாகத் தூங்கியவர்களுக்கு உண்டான எதிர்ப்பு சக்தியில் பாதிகூட அவர்களுக்கு இல்லை.

இவர்களெல்லாம் பெரியவர்கள். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்கவியல் மருத்துவர்கள். 'சீக்கிரம் படு' என்று அதட்டினாலும் நடப்பதில்லை; அந்த வயதில் உடம்புக்குத் தூக்கம் வருவதே தாமதமாகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி வரை அவளை எழுப்புவதில்லை. "பொம்பளப் பிள்ளை இவ்வளவு நேரமா?" என்று வீட்டில் பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். பள்ளியில் கேட்டதற்கு, "மத்த பிள்ளைங்க வர்றாங்களே" என்றார்கள். அந்தப் பிள்ளைகளும் வகுப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்கிறாள் என் மகள்.

படிக்கிற பிள்ளைகளின் தூக்கம் பற்றி ஒரு மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரை மறுபடி பார்க்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ராசிபுரம்.