நார்க்கொண்டத்துக்குச் சரக்கு ஏற்றும் முன்

அந்தமான் நிக்கோபார் வனத்துறைக்கும், நார்க்கொண்டம் தீவுக்கு ஆளும் பொருளும் அனுப்பும் காவல்துறை, கடலோரக் காவல்படை அதிகாரிகளுக்கும்,

வணக்கம். இந்தத் தீவில் கடலோரக் காவல்படையின் ரேடார் நிலையம் தேவையா என்ற பழைய விவாதத்தை இங்கே கிளப்பவில்லை. 2012-இல் மறுக்கப்பட்ட அனுமதி 2014-இல் கிடைத்தது ஊரறிந்த செய்தி. நாங்கள் கேட்பது, சரக்கு ஏறும் துறையிலேயே எலி, எறும்பு, களைவிதை மூன்றையும் தடுக்க வேண்டும் என்பதுதான்.

சுமார் ஏழு சதுர கிலோமீட்டர் பரப்பில், கடலிலிருந்து 710 மீட்டர் எழும் எரிமலைக் கூம்பு நார்க்கொண்டம். அந்தமானின் இன்னொரு எரிமலையான பாரன் தீவைப் போல இப்போது கொதிப்பதில்லை. காடு உச்சிவரை மூடியிருக்கிறது. நார்க்கொண்டம் இருவாச்சி என்ற பெரிய அலகுப் பறவைக்கு உலகில் வேறு இடமே கிடையாது. 2021-இல் புதிய இனமாக விவரிக்கப்பட்ட மூஞ்சூறும் இங்கேதான் இருக்கிறது. இவை அழிந்தால் வேறெங்கிருந்தும் கொண்டுவந்து விட முடியாது.

1970-களில் இறைச்சிக்காக விட்ட ஆடுகள் பெருகி நாற்றுகளை மேய்ந்தன. பிறகு அவற்றை அகற்றினார்கள், நல்லது. ஆனால் இருவாச்சி கூடு வைப்பது முதிர்ந்த மரங்களின் பொந்துகளில். அன்று முளைக்காமல் போன மரத்தின் குறை பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரியும். எலி இன்னும் வேகம். இந்தியப் பெருங்கடலிலுள்ள கிறிஸ்துமஸ் தீவில் 1899 வாக்கில் கப்பலேறி வந்த கருப்பெலி கொண்டுவந்த நோய், சில ஆண்டுகளிலேயே உள்ளூர் எலி இனங்களை ஒழித்துவிட்டது.

தீவுக் கரையில் சோதித்துப் பயனில்லை. மூட்டையைப் பிரித்ததும் எலி பாறையிடுக்கில் புகுந்துவிடும். அரிசி, பருப்பு, காய்கறியை மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில் பகலிலேயே அடைத்து அன்றே ஏற்றுங்கள். ராத்திரி முழுக்க ஜெட்டியில் கிடக்கும் சாக்கில்தான் எலி நுழைகிறது. எலி ஏறாதபடி, படகைக் கட்டும் கயிறு ஒவ்வொன்றிலும் மூன்றடி விட்டமுள்ள தகட்டுத் தடுப்பு வேண்டும். தகடு சாய்ந்து ஜெட்டியைத் தொட்டால் அதுவே பாலமாகிவிடும், அதையும் பாருங்கள். எஞ்சின் அறையிலும் சரக்கறையிலும் பொறி வைத்துக் காலையில் பார்த்த பிறகே படகு புறப்படட்டும்.

மணலும் ஜல்லியும் இன்னும் மோசம். திறந்தவெளியில் குவித்த மணலில் எறும்புப் புற்றும் களைவிதையும் சேர்ந்தே வரும். கழுவி, உலர்த்தி, மூடிய பைகளில் மட்டும் அனுப்புங்கள். தீவுக் கடற்கரையில் தோண்டுவது இதற்கு மாற்று அல்ல. தொட்டிச்செடி, கோழி, ஆடு, நாய், பூனை எதுவும் கூடாது. இறைச்சி உறைந்த நிலையில் போகலாம். காலணி அடியும் கால்சட்டை மடிப்பும் பிரஷ்ஷால் தேய்க்கப்பட வேண்டும். கம்யூனிஸ்ட் பச்சை போன்ற களைகளின் விதை துணியில் ஒட்டிக்கொண்டே பயணம் செய்யும்.

சமையலுக்கு எரிவாயு உருளை போதுமான அளவில் கொடுங்கள். விறகுக்கென்று முதலில் சாய்க்கப்படுவது உளுத்த மரம், அதாவது பொந்துள்ள மரம். பிப்ரவரி முதல் மே வரை பெண் இருவாச்சி பொந்துக்குள் அடைந்திருக்கும். தாய்க்கும் குஞ்சுக்கும் உணவு பெரும்பாலும் ஆண் கொண்டுவரும் பழமே. அந்த மாதங்களில் வெடிவைத்துப் பாறை உடைப்பதும் தாழப் பறக்கும் ஹெலிகாப்டரும் வேண்டாம்.

படகுத்துறையில் இதற்கென ஒரே ஒரு அலுவலர் பொறுப்பேற்றுக் கையெழுத்திடாமல் எந்தப் படகும் கிளம்பக் கூடாது. யாரும் பொறுப்பில்லாத சோதனை மூன்றாவது படகோடு நின்றுவிடும். பதிவேட்டின் நகலை மாதந்தோறும் வனச்சரகத்துக்கு அனுப்ப உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
தீவுச் சூழலியல் ஆர்வலர்கள்