ஜன்னல் விண்ணப்பத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள்

இங்கிலாந்தின் கிராமப்புறக் கவுன்சில்களில் கட்டட அனுமதி தரும் திட்டக் குழுவில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். பழைய பண்ணைக் கொட்டகைகளை விடுமுறை விடுதியாக மாற்றக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைய அறுவடை இயந்திரம் நுழையாத கொட்டகையால் விவசாயிக்கு என்ன பயன்? ஒழுகி இடிந்து விழுவதைவிட நாலு பேர் தங்கிப்போவது மேல். முழு அனுமதி கேட்காமலே சில மாற்றங்களைச் செய்யவிடும் 2015 திட்ட ஆணையின் ஆர் வகுப்பு இதற்கு வழிவிடுகிறது. 2024 மே மாதத்தில் அதன் பரப்பு வரம்பை 500 சதுர மீட்டரிலிருந்து 1,000 ஆக்கியும்விட்டார்கள். சரி.

ஆனால் அந்த வகுப்பு தருவது பயன்பாட்டை மாற்றும் உரிமை மட்டும்தான். சுவரை உடைத்து ஜன்னல் வைக்கவும் கூரையில் கண்ணாடி பதிக்கவும் தனி அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பம் உங்களிடம்தான் வருகிறது. அங்கேதான் கையெழுத்து மளமளவென்று விழுகிறது.

எங்கள் கிராமத்தில் ஒரு கொட்டகை. பாரம் ஏற்றிய வண்டி நுழையும் உயரத்தில் எதிரெதிரே இரண்டு கதவுகள், நடுவே போரடிக்கும் களம். இரண்டையும் திறந்தால் குறுக்கே காற்று வீசும், தூற்றும்போது பதர் பறந்துவிடும். ஜன்னலே கிடையாது, ஒடுக்கமான காற்றுத் துளைகள்தான். எந்த மரம் எதோடு சேரும் என்று தச்சர் உளியால் வெட்டிய ரோமன் எண்கள் உத்தரங்களில் இருந்தன. இன்று சுவரில் பதினோரு ஜன்னல், கூரையில் ஆறு. எண்கள் பிளாஸ்டர் பலகைக்குப் பின்னால் போய்விட்டன. விளம்பரத்தில் மட்டும் ‘பழமை மாறாதது’!

வெளிச்சம் வேண்டாமா என்பார்கள். அந்த இரண்டு கதவுவாய்களுக்கும் கண்ணாடி போட்டாலே கூடம் முழுக்க வெளிச்சம் வரும். குளியலறையை இருட்டு மூலைக்குத் தள்ளலாம். பழைய கதவுகளை வெளியே அப்படியே விட்டால், இரவில் சாத்திக்கொள்ளலாம். விளக்கொளி வயலுக்குப் போகாது.

அப்புறம் கூகை, இந்தக் கொட்டகைகளில் கூடு வைக்கும் ஆந்தை. கூட்டில் இருக்கும் கூகையைத் தொந்தரவு செய்வது 1981 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கூடு காலியான மாதத்தில் வேலையை முடித்தால் சட்டம் ஒன்றும் சொல்லாது, ஆனால் அடுத்த வருடம் அது எங்கே போகும்? அது கூடு வைக்க முகட்டோரம் பலகைத் தடுப்பும், வந்துபோக வெளியே ஒரு துளையும் விட வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். கொட்டகையில் தங்கும் வௌவால்கள் வெளியே பறப்பதை எண்ணும் கணக்கெடுப்பைப் பெரும்பாலும் கோடை மாலைகளில்தான் செய்ய முடியும். அதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

அடுத்த விண்ணப்பம் வரும்போது ஒரு தடவை நேரில் போங்கள். இரண்டு கதவுகளையும் திறக்கச் சொல்லி, களத்தின் நடுவில் நின்று பாருங்கள். எத்தனை ஜன்னல் தேவை என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
கொட்டகைக்கு அடுத்த வீட்டுக்காரன்