ஆறாம் வகுப்பில் சேர எதற்குத் தேர்வு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் சிறிய மழலையர் தொடக்கப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை நான். எல்.கே.ஜி. சேர்க்கைக்கு வரும் பெற்றோர், கட்டணத்தையும் வேன் வசதியையும் விசாரித்த கையோடு தவறாமல் கேட்பது இதுதான்: “அஞ்சாவது முடிச்சா எந்த ஸ்கூல்ல எடுத்துக்குவாங்க மிஸ்?” மூன்றரை வயதுப் பிள்ளை அம்மாவின் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுதுகொண்டிருக்கும். நாங்கள் அதன் ஆறாம் வகுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெயர் வாங்கிய மெட்ரிக் மேல்நிலைப் பள்ளிகள் சில, ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்குத் தேர்வு வைக்கின்றன. எழுதிவிட்டு வரும் பிள்ளைகள் வினாக்களை என்னிடம் ஒப்பிப்பார்கள்: தசம வகுத்தல், பின்னக் கணக்கு, ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கட்டுரை. அது முடிந்ததும் அப்பா அம்மாவைத் தனியாக உட்காரவைத்து, என்ன படித்திருக்கிறீர்கள், வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டா என்று விசாரிக்கிறார்கள். எங்கள் ஊர் குமாரபாளையம். வருகிறவர்களில் பாதிப் பேர் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். அந்தக் கேள்விகளுக்கு அவர்கள் என்ன பதில் சொல்வார்கள்?

இது சட்டப்படியே கூடாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்த நடைமுறையையும் தடை செய்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். இருக்கும் இடத்தைவிட அதிகம் பேர் விண்ணப்பித்தால் குலுக்கல் போடலாமே தவிர, பொறுக்கி எடுக்கக் கூடாது. 6 முதல் 14 வயது வரை இந்தச் சட்டம் பொருந்தும். ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு வயது பதினொன்றுதான். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு 2014-இல் உச்ச நீதிமன்றம் விலக்கு அளித்தது உண்மை. நான் சொல்லும் பள்ளிகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல.

இந்தத் தேர்வு எங்கள் வகுப்பறைக்குள் என்ன செய்கிறது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஐந்தாம் வகுப்பின் முகமே மாறிவிடுகிறது. மாலை டியூஷன், ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு. ஓவிய வகுப்பை எடுத்துவிட்டுக் கணக்கு நடத்துங்கள் என்று பெற்றோர் வந்து நிற்கிறார்கள். இப்போது மூன்றாம் வகுப்புப் பெற்றோரும் அதையே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்கும் பெண் ஒருத்தி, தேர்வானவர்கள் பட்டியலில் தன் பெயர் இல்லை என்று தெரிந்த மறுநாள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மதிய உணவு நேரத்தில் என் மேசைக்கு வந்து, “நான் மக்கா மிஸ்?” என்றாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. அவளைக் கேட்கவைத்தவர்களிடம் பதில் இருக்கிறதா?

இன்னொரு கூட்டம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டிய 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் எங்களிடம் இலவசமாகச் சேர்ந்தவர்கள். சட்டம் அவர்களுக்கு எட்டாம் வகுப்பு வரை இலவசக் கல்வி என்கிறது. ஆனால் எங்கள் பள்ளி ஐந்தாவதோடு முடிகிறது. அந்த ஒதுக்கீடோ நுழைவு வகுப்புச் சேர்க்கைக்கு மட்டும்தான் என்பதால், ஆறாவதுக்கு வேறு தனியார் பள்ளிக்குப் போனால் முழுக் கட்டணம் கேட்கிறார்கள். மேல்நிலைப் பள்ளியிலேயே எல்.கே.ஜி. சேர்ந்த பிள்ளைக்குக் கிடைப்பது, எங்களிடம் சேர்ந்த ஒரே காரணத்துக்காக இவர்களுக்கு மறுக்கப்படுகிறது.

அரசுப் பள்ளியில் சேருங்கள் என்று நான் பலரிடம் சொல்கிறேன், மனதாரச் சொல்கிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். இதைக் கேட்டு மனம் மாறியவர்கள் உண்டு. ஆனால் அது பெற்றோர் தாங்களாக எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். தனியார் பள்ளி வாசலில் திருப்பி அனுப்பப்பட்டு வந்து சேர்வதாக இருக்கக் கூடாது.

தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர், சேர்க்கை தொடங்கும் முன்பே ஒவ்வொரு பள்ளியின் வாசலிலும் “ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்குத் தேர்வோ நேர்காணலோ கிடையாது” என்று எழுதிவைக்க உத்தரவிட வேண்டும். ஐந்தாவது முடிக்கும் இலவச ஒதுக்கீட்டுப் பிள்ளைகளுக்கு எட்டாவது வரை அந்த உரிமை தொடர அரசு ஆணை வேண்டும். புகார் கொடுக்கும் பெற்றோரின் பெயர் வெளியே தெரியாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களில் பலருடைய மூத்த பிள்ளை அதே பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு தலைமையாசிரியை,
குமாரபாளையம், நாமக்கல் மாவட்டம்.